சந்தியாகு கொண்டுவந்த கை

ஐம்பத்தேழாவது வயதில் சந்தியாகு ஒருத்தரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த மாஸ்டருக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் எமல்டா.

திருச்சி பொன்மலையில், ரயில் பாதையை ஒட்டி, தகரக் கதவு போட்ட சின்னக் கடை அவளுடையது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை பழகிய கை. அரத்தை எடுத்தால் முடிக் கனம் இழைத்துக் கொடுப்பாள். கிடார் வாசிப்பாள், அடிநாதம் போடுகிற பேஸ் கிடாரும் வாசிப்பாள், இரண்டையும் கழற்றிச் சரிபண்ணி மாட்டவும் செய்வாள். பேச்சு மட்டும் குறைச்சல்.

"பொண்ணு வயசுப் புள்ளையப் போயி மாஸ்டர்ங்கிறீங்களேண்ணே" என்று அவர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற ஜெரோம் சிரித்தான்.

"வயசைப் பாத்து மரியாதைன்னா எங்க வீட்டு ஆட்டுக்கல்லைத்தான்டா முதல்ல கும்பிடணும்" என்றார் சந்தியாகு.

சந்தியாகு ஒரு இன்னிசைக் குழுவில் முப்பது வருஷமாக ரிதம் கிடார். குழுவை நடத்துகிற அல்போன்ஸ் கீபோர்டு வாசிப்பவர். பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். அன்றைக்கு அல்போன்ஸ் சந்தியாகுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லீடுக்கு ஆள் இருக்கு. ரிதம் கீபோர்டுலயே வந்துருது. எனக்கு வேண்டியது பேஸ். மாதா கோயில் திருவிழாவுல நீங்க பேஸ் வாசிச்சுக் காட்டுங்க. சரியா வந்தா அந்த இடம் உங்களது. வரலைன்னா அதையும் நான் இடது கையில போட்டுக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

சந்தியாகு தப்பாக நினைக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற மச்சானிடம் ஒரு ஆறு கம்பி பேஸ் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கிடாரைவிடக் கழுத்து நீளம், வழக்கமான பேஸைவிடக் குட்டை. ஆறு கம்பியும் கிடார் போலவே வரிசை. ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதான். விரலுக்கு முப்பது வருஷம் தெரிந்த தெரு, கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார்.

வீட்டில் வாசித்துப் பார்த்தார். அடிக் கம்பி துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொளதொளத்தது. நாலைந்து கம்பியைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் சேற்றில் கால் விட்ட சத்தம்.

எமல்டாவிடம் கொண்டுபோனார்.

"வாசிங்கண்ணே" என்றாள்.

வாசித்தார்.

"கார்டு வேணாம். ஒண்ணொண்ணா வாசிங்க."

"ஏன் மாஸ்டர்?"

"ஆறு பேரு ஒரே நேரத்துல அடித்தொண்டையில பேசினா யாருக்குப் புரியும்?"

ஒவ்வொரு கம்பியாக வாசித்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அப்புறம் இரண்டு நாள் அவரைக் கடைப் பக்கம் வரவிடவில்லை.

மூன்றாம் நாள் போனபோது பழைய கம்பிகள் மேஜையில் சுருண்டு கிடந்தன. புதிதாகத் தடித்த கம்பி போட்டிருந்தாள். அது உட்காருகிற அளவுக்குத் தலைப் பக்கத்துப் பள்ளங்களை இழைத்து அகலமாக்கியிருந்தாள். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் மெல்லிய தகடு ஒன்று வைத்துக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள், கம்பி கீழ்முனையில் அதைத் தாங்குகிற பிரிட்ஜில் அழுந்தி உட்கார வேண்டும் என்று. கம்பிக்கும் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுக்கும் நடுவே அளவுத் தகட்டை நுழைத்து நுழைத்துப் பார்த்து, விரல் அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று கம்பியை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கியிருந்தாள்.

சந்தியாகு தொட்டார். நாதம் தேன் மாதிரி வழிந்தது.

"மாஸ்டர்!" என்றார்.

அதே சாயங்காலம் ஒத்திகை. இரண்டாவது பாட்டிலேயே கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'ங்ர்ர்ர்' என்று இரைந்தது. எந்தக் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல்.

"அண்ணே, உள்ள வண்டு ஏதும் குடும்பம் நடத்துதா?" என்றான் ஜெரோம்.

அல்போன்ஸ் பாட்டை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, சந்தியாகு இல்லாத மாதிரி அடுத்த பாட்டை எடுத்தார். ஜெரோம் சொன்னதைவிட இதுதான் சுட்டது.

மறுநாள் கடைக்குப் போனார்.

"வாசிங்கண்ணே."

வாசித்தார். ஒரு இரைச்சல் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு?"

"நேத்து இரைஞ்சுது மாஸ்டர்."

எமல்டா கழுத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அளவுத் தகட்டை நுழைத்து அளந்தாள். "அளவு சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்கு ஒத்திகையில் மறுபடியும் இரைச்சல். அல்போன்ஸ் கீபோர்டின் இடது ஓரத்தில் பேஸ் சத்தத்தை வைத்துப் பழகிப் பார்ப்பதை சந்தியாகு கண்ணால் பார்த்தார்.

அடுத்த நாள் காலையில் பேஸை மேஜையில் வைத்தவர் உட்காரக்கூட இல்லை.

"என்னைய அசிங்கப்படுத்துது மாஸ்டர் இது. உங்க முன்னால நல்ல புள்ளையா இருக்கு, அங்க போனா கத்துது. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. நீங்களே சொல்லுங்க. குறை இதுலயா, எங்கிட்டயா?"

எமல்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் பேஸின் ஒயரைச் செருகினாள்.

"உக்காந்து வாசிங்க. நான் கையைக் காட்டுற வரைக்கும் நிறுத்தாதீங்க."

வாசித்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு. திடீரென்று தகரக் கதவு படபடத்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகக் கடையை ஒட்டி ஓடியது. சந்தியாகு நிமிர்ந்து பார்த்தார். அவள் கையைக் காட்டவில்லை. அவர் வாசித்தது அவர் காதுக்கே எட்டவில்லை. தோளை முன்னால் கொண்டுவந்து, பல்லைக் கடித்து, இன்னும் அழுத்தி அடித்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவரும் விடவில்லை.

கடைசிப் பெட்டி கடந்தது. சட்டென்று அமைதி. அந்த அமைதிக்குள்ளே சந்தியாகுவின் கை மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கடை முழுக்க 'ங்ர்ர்ர்'.

எமல்டா கையைக் காட்டினாள்.

"இதுதான் உங்க கை. இதை நீங்க ஒரு தடவைகூட இங்க கொண்டுவரலை."

"பின்ன இத்தனை நாள் கொண்டுவந்தது?"

"அது மாஸ்டரைப் பாக்க வர்ற கைண்ணே. குளிச்சு, தலை சீவி, துவைச்ச சட்டை மாட்டிக்கிட்டு வந்துச்சு. அதைப் பாத்துத்தான் நான் கம்பியை இறக்கினேன். இந்தக் கை அடிக்கிற அடிக்கு அது ஃப்ரெட்டுல போயி முட்டுது."

சந்தியாகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிரம்ஸ் பக்கத்துலயே நின்னுட்டேன் மாஸ்டர், முப்பது வருஷம். என் சத்தத்தை யாரும் கூட்டி வைக்க மாட்டாங்க. எனக்காவது கேக்கட்டும்னு அடிச்சுப் பழகின கை."

அவள் ஒயரை உருவிச் சுருட்டினாள்.

"ஒன்பது நாள்ல மாத்திக் காட்டுறேன்" என்றார்.

அவள் கம்பியின் உயரத்தைத் திருகுகிற எல்-கீயை எடுத்தாள். ஆறு கம்பியையும் ஏற்றினாள். கொஞ்சமாக இல்லை, நன்றாகவே ஏற்றினாள்.

"மாத்துறேன்னு சொல்றேன், நீங்க ஏத்துறீங்க?"

"மாறுனதும் இறக்குறேன். தினம் கூட்ஸ் வர்ற நேரத்துக்கு வாங்க."

அன்றிலிருந்து அதுதான் வேலை. காலை ஒன்பதே முக்காலுக்கு சந்தியாகு கடையில் இருப்பார். வண்டி வரும். வாசிப்பார். இரைச்சல் இல்லாவிட்டால் எமல்டா கால் சுற்று இறக்குவாள். இரைந்தால் கால் சுற்று ஏற்றுவாள். நல்லது, கெட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஏறி நின்ற தடித்த கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல்நுனி இரண்டே நாளில் கிழிந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனார். இரண்டாம் நாள் இறங்கின கால் சுற்று மூன்றாம் நாள் ஏறிவிட்டது. தன் சத்தம் காதுக்கு எட்டாதபோது கை ஓங்கி அடிக்கத்தான் பார்த்தது. கடிவாளம் பிடிப்பது போலப் பிடித்தார்.

வீட்டில் மனைவி லில்லியைக் கூப்பிட்டார். "மிக்ஸியைப் போடு."

"அரைக்க ஒண்ணும் இல்லையே."

"சும்மா ஓட்டு."

"சும்மா ஓட்டுனா சுருள் எரிஞ்சுபோகும். பருப்புப் பொடி அரைக்கிறேன், ஆனா நீங்கதான் தின்னு தீக்கணும்."

மிக்ஸி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். அந்த வாரம் மூன்று டப்பா பருப்புப் பொடி சேர்ந்தது. அவரும் சலிக்காமல் தின்றார்.

ஐந்தாம் நாள் மனசு விட்டுப்போயிற்று. "மெதுவா வாசிச்சா எனக்கே கேக்கலையே மாஸ்டர். எனக்குக் கேக்காதது எப்படி ஊருக்குக் கேக்கும்?"

"எதிர்ல டீக்கடைக்குப் போங்க" என்றாள்.

போய் நின்றார். எமல்டா கடைக்குள் உட்கார்ந்து, வண்டி போகிற சத்தத்துக்கு நடுவே, அடிக் கம்பியைச் சும்மா தடவுகிற மாதிரி வாசித்தாள். பக்கத்தில் இருந்தால் காதில் விழாத சத்தம். தெருவைத் தாண்டி வந்து டீக்கடை பெஞ்சில் ஏறி, சந்தியாகுவின் முதுகெலும்பில் உட்கார்ந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு கடையில என்னமோ உறுமுதுங்க. ஆனா நல்லாருக்கு."

சந்தியாகு டீ குடிக்காமல் திரும்பி வந்தார். எதுவும் கேட்காமல் உட்கார்ந்து வாசித்தார். அன்றைக்குக் கம்பி இறங்கியது. ஆறாம் நாளும் இறங்கியது. ஏழாம் நாளும் இறங்கியது.

சனிக்கிழமை. மறுநாள் திருவிழா. அன்றைக்கு வந்த வண்டி மாதிரி நீளமான வண்டி அதற்கு முன்னால் வந்ததில்லை. வண்டி முழுக்கக் கடந்து போகிறவரை சந்தியாகுவின் கை இலையில் நெய் விடுகிற மாதிரிதான் கம்பியைத் தொட்டது. சத்தம் ஓய்ந்தபோது கடைக்குள் ஒரு சுத்தமான நாதம் மிச்சம் நின்றது. கம்பி முதல் நாள் இருந்த அளவுக்கு இறங்கியிருந்தது. சந்தியாகுவின் முகமெல்லாம் சிரிப்பு.

எமல்டா எல்-கீயை எடுத்தாள். ஆறு கம்பியையும் அரைச் சுற்று ஏற்றினாள்.

சிரிப்பு போய்விட்டது. "மாஸ்டர்! இரையலையே!"

"இரையலை."

"பின்ன?"

"நாளைக்கு இப்படியே வாசிங்க."

"விரல் கிழிய ஒரு வாரம் பட்ட பாடு, அரைச் சுத்துல போச்சே!"

எமல்டா பேஸை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் பதில்.

வீட்டிலும் அவரிடம் ஒரு எல்-கீ இருந்தது. பேஸை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கீயைத் திருகாணியில் செருகினார். அரைச் சுற்று. ஒரு நிமிஷ வேலை.

"என்ன பண்றீங்க?" என்றாள் லில்லி.

"மாஸ்டருக்கு என்மேல நம்பிக்கை இல்ல."

"உங்களுக்கு அந்தப் பொண்ணுமேல இருக்கா?"

சந்தியாகு ஆறு கம்பியையும் விரலால் ஒரு தடவை வருடினார். அப்புறம் கீயை உருவி லில்லியிடம் கொடுத்தார். "எங்கயாவது வெச்சுட்டு, எங்கன்னு எங்கிட்ட சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோயில் முன்னால் மணல் தெரியாத கூட்டம். சந்தியாகு மேடையில் ஏறி டிரம்ஸ் பக்கத்தில் நின்றார். அல்போன்ஸின் இடது கை கீபோர்டின் ஓரத்தில் தயாராக இருந்தது. ஜெரோம் குச்சியைத் தட்டி எண்ணினான்.

பாட்டு எடுத்ததும் சந்தியாகுவின் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பழைய கை. தோள் முன்னால் வந்தது, பல் கடித்தது. ஓங்கி ஓங்கி அடித்தது. அடிக்கிறோம் என்று தெரிந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. போச்சு, இப்போ இரையும் என்று காத்திருந்தார்.

இரையவில்லை.

முதல் சரணம் போனது. இரையவில்லை. இரண்டாவது சரணத்தில் தோள் தானாகப் பின்னால் போனது. மூன்றாவது பாட்டில் கை இறங்கி, ஒன்பது நாளாகப் பழகின இடத்துக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒரு பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அல்போன்ஸ் எப்போது இடது கையை மடியில் வைத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது அல்போன்ஸ் பக்கத்தில் வந்தார்.

"பன்னிரண்டாம் தேதி மணப்பாறை. நாலு மணிக்கு வேன் வந்துரும். வாசல்ல நில்லுங்க."

சந்தியாகு தலையாட்டினார். மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தில் தேடி, பொரிக்கடை ஓரத்தில் எமல்டாவைக் கண்டுபிடித்தார். காகிதப் பொட்டலத்தில் பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"என் கை மாறிடுச்சுன்னு நம்பித்தானே தினம் இறக்கினீங்க?"

"ஆமா."

"பின்ன எதுக்கு நேத்து ஏத்தினீங்க?"

"முதல் பாட்டுல எப்படி இருந்துச்சு?"

சந்தியாகு வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருந்துச்சு" என்றார்.

எமல்டா பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"அதுக்கும் கம்பிக்குக் கீழ கொஞ்சம் இடம் வேணுமில்லண்ணே."