பொது வாசகரை உயிரோடு பிடித்து வா!

தும்பைக்கோட்டையை ஆண்ட கண்டீரவ பூபதிக்கு ஒரு வழக்கம். புதிதாக வந்த வரலாற்றுச் சுவடிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, "இதைப் படியுங்கள்" என்று வருஷத்துக்கொரு தடவை ஊருக்கு முரசறைந்து சொல்வார். பொறுக்குகிற வேலை மாசிலாமணியுடையது. அரண்மனையில் வாயை வைத்தே பிழைக்கிற ஆள் அவன்.

அந்த வருஷம் வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, அகண்டேசுவர பண்டிதர் எழுதிய அரச வம்ச வரலாறு. ஏழு கட்டு. மாட்டு வண்டியில் வந்தது. இன்னொன்று, கோட்டை வாசல் காவலர் ஒருவர் எழுதியது. பக்கத்து நாட்டுக் கோட்டை பலாப்பழத்தால் விழுந்த வரலாறு. இடுப்பிலேயே செருகிக்கொள்ளலாம்.

"சின்னதுதான் பிரபு. பொது வாசகருக்கு ஏற்றது," என்றான் மாசிலாமணி.

பண்டிதர் துள்ளி எழுந்தார். அவர் பேசினால் வெண்கலப் பானை படியில் உருளுகிற மாதிரி இருக்கும்.

"பொது வாசகராவது! யாரவர்? எத்தேயத்தார்? இப்புவியில் எவரேனும் அவரைக் கண்ணுற்றதுண்டோ? மன்னர் மன்னவா, இவன் இல்லாத ஆளுக்கு நூல் தேடுகிறான்!"

ராஜாவுக்கு இது நியாயமாகப் பட்டது. "ஆமாய்யா, நானும் பார்த்ததில்லை. மாசிலாமணி, நாளைக் காலையில் அந்தப் பொது வாசகரை உயிரோடு பிடித்து வா. இல்லையென்றால் பண்டிதர் நூலுக்குத்தான் முரசு. ஏழு கட்டையும் நீயே உட்கார்ந்து நூறு பிரதி எழுத வேண்டும்!"

மாசிலாமணி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். எழுநூறு கட்டு! கட்டையில் போகும்போதும் கையில் எழுத்தாணி இருக்குமே!

ஓடிப்போய் யானைப் பாகனைக் கேட்டான்.

"யானையப் பத்தி இருந்தாப் படிப்பேன் சாமி. மனுசன் கதை நமக்கு எதுக்கு?"

மோர்க்காரியைக் கேட்டான்.

"எங்க ஊரு பேரு வருதா? வரலையா? அப்ப நகரு, வியாபாரத்தைப் பார்க்கணும்."

எல்லாரும் வாசகர்தான். ஒருத்தரும் பொதுவாக இல்லை.

காலையில் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"எங்கேய்யா?"

"வந்துகொண்டே இருக்கிறார் பிரபு. கொஞ்சம் கூச்ச சுபாவம். சுவடிகளை இங்கே பரப்பி வைத்தால் தானாக வெளியே வருவார்."

பரப்பினார்கள். காத்திருந்தார்கள். அலுத்துப்போன ராஜா பண்டிதர் சுவடியைக் கையில் எடுத்தார்.

"ஆ...வ். இவருக்கு அவர் மகன், அவருக்கு இவர் மகன். சண்டை எப்போதய்யா வரும்?"

நாலாம் கட்டில் தன் பெயரைத் தேடினார். ஏழாம் கட்டின் கடைசி ஓலையைப் புரட்டினார். ஐந்தாம் கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். விழித்ததும் சின்னதை எடுத்தார்.

"அடேங்கப்பா! பலாப்பழ வாசனைக்குத் தளபதியே கதவைத் திறந்துவிட்டானா! அப்புறம்?"

சாப்பாட்டு மணி அடித்தது. ராஜா காதில் ஏறவில்லை.

"பொது வாசகர் வந்துவிட்டார் பிரபு," என்றான் மாசிலாமணி.

"எங்கே? எங்கே?" ராஜா கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார்.

"சிம்மாசனத்தில்."

பண்டிதர் குதித்தார். "அரசர்க்கரசரைப் பொது என்றான்! இவன் சிரத்தைக் கொய்க!"

"தப்புத்தான் பண்டிதரே. நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடுங்கள். உங்கள் நூலைப் படித்து மன்னர் குறட்டை விட்டாரே, பொது வாசகராகவா, பேரறிஞராகவா?"

பண்டிதர் தன் ஏழு கட்டையும் ஒரு பார்வை பார்த்தார். பேரறிஞரே தூங்கினார் என்றால் நூலின் கதி? ராஜா வேறு அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொ... பொது வாசகராகத்தான், பிரபு."

ராஜா கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். "பிழைத்தாய் மாசிலாமணி! சின்னதுக்கே முரசு!"

"இப்போதே அறையச் சொல்லட்டுமா பிரபு?"

"பொறுய்யா! எனக்கு இன்னும் நாலு ஓலை பாக்கி இருக்கிறது."