ஓரத்தில் இரண்டு செல்கள்

"செல்லெல்லாம் உயிரோடதான் இருக்கு மேடம். ஆனா திசுவா சேர மாட்டேங்குது," என்றார் அருமைநாயகம்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியே தலை நரைத்தவர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்திருந்தார். குருவாக வாய்த்த மெஹர்பானு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

மெஹர்பானு கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்கள். ஒவ்வொன்றும் தனியாக, தன் இஷ்டத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் சார் இவ்வளவு தள்ளித் தள்ளி விட்டிருக்கீங்க?"

"படம் வரையத் தோதா இருக்கும்னுதான்."

மெஹர்பானு சிரித்துவிட்டார். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"ஸ்கூல்ல இந்தப் பாடத்தை எப்படி நடத்துவீங்க?"

"போர்டுல நாலு கட்டம் போடுவேன். செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம். நடுவுல அம்புக்குறி."

"அந்த அம்புக்குறிக்குள்ள என்ன நடக்குது?"

அருமைநாயகம் யோசித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டதில்லை.

"தெரியலையே மேடம்."

"சரி, வீட்ல பேசினீங்களா?"

பேச்சு அங்கே திரும்பும் என்று அவர் நினைக்கவில்லை.

வேலையை விட்டதை அவர் மனைவி ஜெபமணியிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று மூண்ட சண்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தவர்தான். இரண்டு மாதமாக அவளும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. அவள் இல்லாமல் இவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

"கோவம் தணியட்டும்னு கொஞ்சம் தள்ளி இருக்கேன்."

மெஹர்பானு மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"நீங்களே சொல்லுங்க மேடம், யார் முதல்ல பேசணும்? தப்பு என்னுதுதான். ஆனா அவ பேசின பேச்சு கொஞ்சமா?"

மெஹர்பானு தட்டை மெல்ல நகர்த்தி, அதன் ஓரத்தில் எதையோ தேடினார். பிறகு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

"பாருங்க."

இரண்டு செல்கள். நேற்று அவரே பார்த்தவைதான். அப்போது ஒன்று படபடவென்றும் மற்றது நிதானமாகவும் துடித்தன. இப்போது நகர்ந்து வந்து விளிம்போடு விளிம்பு ஒட்டியிருந்தன. இரண்டுக்கும் ஒரே துடிப்பு.

"இதுல எது இறங்கி வந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறம் நான் பதில் சொல்றேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய், ஃபோனில் வீட்டைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே ஜெபமணி எடுத்துவிட்டாள்.



"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.