நடுவில் ஒரு அட்டை

"கூட உக்காந்து ஆடினா ஒருத்தனோட குணம் தெரிஞ்சுரும் குரு. மூணு ஆட்டத்தை முழுசா முடிச்சிட்டேன். தெரிஞ்சுபோச்சு."

ஆவுடையப்பன் வீடியோ கேம் பெட்டியை மேசைமேல் வைத்தார். மூச்சு வாங்கியது. ஹெப்சிபாவின் மாடிக் கடைக்கு ஏறும் படி செங்குத்து. போதாததற்கு, படியில் பல்பு ஃப்யூஸாகிப் பல நாளாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் பெயின்ட், பைப்பு, ஆணி விற்கும் கடை அவருடையது. தலை நரைத்துவிட்டது. கடையை அடைத்தால் வீடியோ கேம்தான். கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்தோமா என்று பாதித் தெருவில் சந்தேகம் வந்து திரும்பி நடக்கிற ஆள்.

ஹெப்சிபாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. கேம் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறாள். 'குரு' என்று யாரோ கேலிக்கு வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைத் திருப்பித் தருகிறவர், முடித்த ஆட்டம் எப்படி இருந்தது என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். முடித்துவிட்டேன் என்று வருகிறவர்களை அவளும் லேசில் நம்பியதில்லை.

"நெஞ்சுல அடைப்பை வச்சிக்கிட்டு இதைத் தூக்கிட்டு ஏறுதீங்களே, தம்பி எங்க?"

"கீழ நிக்கான். தூக்கிட்டு வாரேன்னான். நான் குடுக்கலை."

"ஏன்?"

"அவனைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். மெதுவா பேசு."

தம்பி பாலவேசம் பல வருடம் மும்பையில் இருந்துவிட்டு, போன மழைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தான். அண்ணனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. திங்கட்கிழமை மதுரையில் நெஞ்சில் ஆபரேஷன். மாதக்கணக்கில் கடைப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைச் சாவியை யாரிடமாவது கொடுத்தாகவேண்டும்.

அந்தச் சாவி ஆவுடையப்பனின் அரைஞாண் கயிற்றில் முடிந்து கிடந்தது. பேசும்போதெல்லாம் கை அதைத் தடவியது.

"சாவியை அவன்கிட்ட குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கத்தான் மூணு ஆட்டமும் ஆடினேன். வேண்டாம். சாயங்காலப் பஸ்ஸுக்கு அவனுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"கோயம்புத்தூர்ல மோட்டார் சரக்கு பாத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன். போய்ச் சேந்தப்புறம், அப்படியே மும்பைக்குப் போயிருன்னு போன்ல சொல்லிக்கலாம்."

"நம்பிட்டாரா?"

"உடனே சரின்னுட்டான். அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஹெப்சிபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆட்டத்தைச் சொல்லுங்க."

"முதல்ல சமையல் ஆட்டம். பாட்டு நல்லாயிருக்கு. அடுப்பு தீப்பிடிக்குத இடம் ஜோர். கடைசிக் கல்யாணப் பந்தியில ரெண்டு தடவை சாம்பாரைக் கொட்டிட்டேன். ஆனா அவன் என்ன பண்ணினான்? முதல்லருந்து கடைசிவரைக்கும் பாத்திரம் கழுவிக்கிட்டே இருந்தான். அடுப்புப் பக்கமே வரலை."

"யாராவது கழுவணும்லா."

"கருகிப்போனா பழி யாருக்கு? அடுப்புல நிக்கவனுக்கு. அதான் அவன் திட்டம்."

"ம். அடுத்தது?"

"ரெண்டாவது முத்துக்குளி ஆட்டம். கடலுக்கடியில அவ்வளவு அழகு. ஒரு மீனை வேடிக்கை பாத்துக்கிட்டே மூச்சுமுட்டிச் செத்திருக்கேன். முடிவுதான் சப்புன்னு ஆயிருச்சு. அதுல காத்துக் குப்பி கிடைக்கும். தனக்குக் கிடைச்சதையும் எனக்கே தந்துட்டான்."

"நல்லதுதானே?"

"சும்மா எவன் தருவான்? பின்னால எதையாவது கேப்பான்."

"கேட்டாரா?"

"கேக்கதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சே!"

"மூணாவது?"

ஆவுடையப்பன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"குகை ஆட்டம். அதுதான் இன்னும் கனவுல வருது. முன்னால போறவன் கையில விளக்கு. பின்னால வாரவன் இடுப்புல கயிறு, அந்தக் கயிறு முன்னால போறவன் இடுப்போட கட்டியிருக்கும். ரெண்டு பேரும் உயிரோட வெளிய வரணும்."

"யாரு முன்னால?"

"நான்தான். விளக்கை அவன் கையில குடுத்துட்டு இருட்டுல நிக்கச் சொல்லுதியா?"

"ம்."

"ஒரு மரப்பாலம் வருது. அங்கதான் அவன் குணம் தெரிஞ்சுது. விழுதான், விழுதான், விழுந்துக்கிட்டே இருக்கான். அவன் விழுந்தா கயிறு என்னையும் இழுத்துரும். வேணும்னே செய்யுதான்."

"வேணும்னே விழுதாருன்னு எப்படித் தெரியும்?"

"நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன்லா. பாக்கும்போதெல்லாம் விழுதான்."

"அப்புறம் எப்படி முடிச்சீங்க?"

"ஒரு தடவை கடைக்காரன் ஒருத்தன்கிட்டயிருந்து போன் வந்துச்சு. போன்லயே அவனைத் திட்டிக்கிட்டே நடந்தேன். எப்படியோ பாலம் தாண்டிட்டோம்."

ஹெப்சிபா ஸ்டூலை முன்னால் நகர்த்தினாள்.

"டிவியில பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு. பாலத்துல அவரு பாதியில என்ன தெரிஞ்சுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நடுவுலதான் அட்டை வச்சிருந்தேனே."

"என்ன அட்டை?"

"பைப்பு வந்த அட்டைப்பெட்டி. கிழிச்சு டிவிக்கு நடுவுல குறுக்குச் சுவராட்டம் ஒட்டிட்டேன். இல்லைன்னா என் பாதியைப் பாத்து ஆடிருவான்லா."

"சேந்து ஆடுத ஆட்டத்துலயா அண்ணாச்சி?"

"எந்த ஆட்டமா இருந்தா என்ன?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சாவியைத் தடவிக்கொண்டே சொன்ன மனிதரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

எழுந்து பெட்டியை டிவியோடு இணைத்தாள். மரப்பாலத்தைத் திரையில் கொண்டுவந்தாள். மூலையில் கிடந்த ஒரு அட்டையை எடுத்து டிவியின் நடுவில் ஒட்டினாள்.

"இது எதுக்கு?"

"உங்க பழக்கம்தானே."

முதல் கன்ட்ரோலரை அவளே எடுத்துக்கொண்டாள்.

"அது என்னுதுலா."

"இன்னைக்கு என்னுது."

இரண்டாவதை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார்.

"இதுல ஏதும் கோளாறு இல்லையே?"

"ஆடுங்க."

அவருடைய பாதி இருட்டாக இருந்தது. முன்னால் ஒரு முதுகு. அந்த முதுகுக்கு அப்பால் சின்னதாக விளக்கு. காலடியில் ஒரு பலகை தெரிந்தது, அதற்கடுத்த பலகையும் மங்கலாகத் தெரிந்தது. அவர் நடந்தார்.

முன்னால் போனவள் விளக்கோடு திரும்பினாள்.

அவர் பாதி முழுக்க வெள்ளையாகிப்போனது. அடுத்த அடி வைத்தார். விழுந்தார். கயிறு அவளையும் இழுத்தது.

"ஏம்மா திரும்புன?"

"நீங்க விழுதீங்களான்னு பாத்தேன்."

மறுபடியும் பாலம். மறுபடியும் முதுகு, விளக்கு, பலகை. திரும்பினாள். வெள்ளை. விழுந்தார்.

"இப்போ எதுக்குத் திரும்புன?"

"போன தடவை விழுந்தீங்கல்லா. அதான் சந்தேகம்."

மூன்றாவது முறை அவள் இரண்டு பலகைகூடத் தாண்டவில்லை. திரும்பிவிட்டாள்.

"ஏட்டி, நீ திரும்புனாத்தான் நான் விழுதேன்! கண்ணுல வெளிச்சத்தை அடிச்சா பலகை எப்படிட்டி தெரியும்?"

சத்தமாகவே கேட்டுவிட்டார்.

கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் டிவியைப் பார்க்கவில்லை. நடுவில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லலையா?"

யோசித்தார். முகம் சுருங்கியது.

"'வெளிச்சம் கண்ணுல அடிக்குண்ணே'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'சாக்கு சொல்லாதலே'ன்னேன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. எதுவோ சுவரில் இடித்து இடித்து ஏறி வந்தது.

பாலவேசம் வாசலில் நின்றான். கையில் பெரிய துணிப்பெட்டி.

"அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஆவுடையப்பனின் கண் பெட்டிக்குப் போனது. பழக்கதோஷம், சட்டென்று கேட்டார்.

"ஒரு நாள் போயிட்டு வாரதுக்கு எதுக்குலே இவ்வளவு பெரிய பெட்டி?"

பாலவேசம் தரையைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேண்ணே. ஆபரேஷன் முடிஞ்ச உடம்போட, என் துணிமணியை பார்சல் போடணும்னு நீங்க அலையக்கூடாதுல்லா."

டிவியில் அந்தப் பாலம் அப்படியே நின்றது.

ஆவுடையப்பன் எழுந்தார். போனில் டார்ச்சைப் போட்டார். "வா," என்று சொல்லிவிட்டுப் படியில் முதலில் இறங்கினார். பின்னால் பெட்டியோடு தம்பி இறங்கினான்.

ஹெப்சிபா மேலே நின்று பார்த்தாள். அவளுக்கும் முழு நம்பிக்கை வரவில்லை.

இரண்டு படி இறங்கியதும் அவர் கழுத்து லேசாகத் திரும்பப் போனது. நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கினார். மறுபடியும் கழுத்து அசைந்தது. பின்னால் பெட்டி சுவரில் இடித்தது.

பாதிப் படியில் அவர் நின்றுவிட்டார்.

"என்னண்ணே? நெஞ்சு வலிக்கா?"

ஆவுடையப்பன் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார். அரைஞாண் கயிற்றின் முடிச்சு பழையது, லேசில் அவிழவில்லை.

டார்ச் வெளிச்சம் கீழ்ப்படியை விட்டு நகரவில்லை. அவர் திரும்பவும் இல்லை. ஒரு கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினார்.

"இந்தாலே," என்றார். "பூட்டை இழுத்துப் பாக்க வேண்டாம். ஒரு தடவை பூட்டினா போதும்."