பயப்படாத குதிரை

சென்னியப்பன் மூன்று வருடமாகப் பவளாத்தாளிடம் பாடம் கேட்கிறவன். அவளைவிட அவனுக்குப் பன்னிரண்டு வயது கூட. இருந்தாலும் அவன் அவளை அம்மா என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். உயிர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டுக் குடைகிற மனிதன், அன்று வேறொரு கேள்வியோடு வந்து நின்றான்.

“பயமே இல்லாத குதிரைய எப்படிங்கம்மா கண்டுபிடிக்கறது?”

“எனக்குத் தெரியலீங்கண்ணா. போய்ப் பார்க்கலாம்.”

அவன் குடும்பத்தில் அதுவரை யாரும் குதிரை ஏறியதில்லை. மகள் தெய்வானைக்கு ஒன்பது வயது. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனது. பள்ளிக்கூடம் மூன்று மைல். தினமும் தோளில் தூக்கிக்கொண்டு போனான், பெண் வளர வளர அவன் இடுப்பு விட்டுப்போனது. குதிரை வாங்கலாம் என்றதும் அவள் தூக்கத்தில்கூடச் சிரித்தாள். மனைவிதான் சோறு போடும்போது சொன்னாள்.

“அவ கீழ விழுந்தா இருக்கற காலும் போயிரும்.”

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தை மாதம். ஆற்று மணலில் குதிரைச் சந்தை. மூவரும் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. குதிரைகளின் கால்களே தெரியவில்லை. வெறும் கழுத்தும் முதுகுமாக வெள்ளைக்குள் மிதந்து வந்தன, அருகே வந்து பெருமூச்சு விட்டன, மறுபடி வெள்ளைக்குள் போயின. எங்கிருந்தோ ஒரு சலங்கை கேட்டது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

“அப்பா, இது கனாவா?” என்றாள் தெய்வானை, அவன் தோளில் கன்னத்தை வைத்தபடி.

“தெரியலயே கண்ணு,” என்றான். அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

சந்தைக்கு வருகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள். சென்னியப்பன் பையில் ஒரு பித்தளைத் தாம்பாளம் கொண்டுவந்திருந்தான். மகளை ஊன்றுகோலோடு தள்ளி நிற்கவைத்துவிட்டு, ஒவ்வொரு குதிரையின் பின்னாலும் போய்த் தாம்பாளத்தைக் கல்லில் போட்டான். வெள்ளைக் குதிரை முன்காலைத் தூக்கியது. கறுப்புக் குதிரை கயிற்றை அறுக்கப் பார்த்தது. ஏழு குதிரைகள், ஏழும் துள்ளின.

“ஏனுங்க, குதிரை வாங்க வந்தீங்களா, இல்ல கோயிலுக்கு மணியடிக்க வந்தீங்களா?” என்றார் ஒரு வியாபாரி.

பவளாத்தாள் சிரித்தாள்.

சந்தையின் கடைசியில், கிளுவை முள்வேலி ஓரமாக, ஒரு சாம்பல் நிறப் பெட்டை நின்றது. தாம்பாளம் விழுந்தது. அது காதைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு தரம் போட்டான். கொள்ளு மென்றுகொண்டே இருந்தது.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொய் சொல்லி விக்கமாட்டேனுங்க,” என்றார் குதிரைக்காரக் கிழவர். “அதுக்குக் காது செவிடு.”

“செவிடா? ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றான். “ஒலகமே இடிஞ்சாலும் எம்புள்ளையக் கீழ தள்ளாது. அம்மா, கெடைச்சிருச்சுங்க.”

“கெடைச்சிருச்சா?” என்றாள் பவளாத்தாள்.

தெய்வானை இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றியபடி மெல்ல நகர்ந்து, வேலியோரம் கட்டியிருந்த பழுப்புக் குட்டிக் குதிரையின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். குதிரை கண்ணைப் பாதி மூடியிருந்தது. பனிக்குள் வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. பெண்ணும் குதிரையும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தார்கள்.

சந்தோஷத்தில் சென்னியப்பன் பார்க்காமலே தாம்பாளத்தைப் பையில் போட்டான். அது பைக்கு வெளியே விழுந்தது. கல்லில் பட்டு, இதுவரை எழுப்பாத சத்தத்தை எழுப்பியது.

பழுப்புக் குதிரை துள்ளியது.

சென்னியப்பன் தன்னையறியாமல் ஓர் எட்டு பின்னால் வைத்தான். அப்புறம்தான் ஓடினான். பெண்ணை வாரி எடுத்தான். கால், கை, தலை என்று தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

“அதுக்கு அடிபட்டிருச்சாப்பா?” என்றாள் அவள்.

அவன் அவளைத் தோளில் போட்டு இறுக்கிக்கொண்டான்.

பவளாத்தாள் குதிரையிடம் போயிருந்தாள். அது வேலியோடு ஒட்டி நின்று நடுங்கியது. அதன் விலாவில் தைத்திருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்கிய இடங்களில் ரத்தம் பொட்டுப் பொட்டாக அரும்பியது.

“அத விடுங்கம்மா,” என்றான் சென்னியப்பன். “ஒரு சத்தத்துக்கே இந்தப் பயம் பயப்படுது. நாம செவிட்டுக் குதிரையப் பேசி முடிச்சரலாம்.”

அவள் அவன் உள்ளங்கையை விரித்து ஒரு முள்ளை வைத்தாள். நீளமான முள். நுனி சிவந்திருந்தது.

“பயந்துதானுங்கண்ணா போச்சு,” என்றாள். “அது துள்ளுன பக்கம் பூராவும் முள்ளு. இந்தப் பக்கம் முள்ளே இல்ல. புள்ள மட்டுந்தான் நின்னுட்டிருந்தா.”