ரெண்டடி வீடு

"முதலாளி சிக்கிக்கிட்டாரு!" என்று மதுரையில் ஒரு தெருவே கூடிவிட்டது.

ஜவுளி முதலாளி வைரவநாதனுக்கு அங்கே ரெண்டு மாளிகை. நடுவில் கிடந்த ரெண்டடி அகல நிலம் மட்டும் கொத்தனார் இருளாண்டியுடையது. அதற்குள் அடுப்பு, படுக்கை, மேலே மாடி என்று ஒரு முழு வீட்டையே எழுப்பிவிட்டான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இது வீடில்லடா, சந்து" என்று நிரூபிக்க உள்ளே நுழைந்த முதலாளியின் தொந்திதான் மாட்டிக்கொண்டது.

"சுவரை இடிடா!"

"எதைங்க? ரெண்டு பக்கமும் உங்க மாளிகைச் சுவராச்சே. மூச்சு வெளியே போனா வயிறு ஒட்டி உள்ளே போயிடும் முதலாளி. 'இது இருளாண்டி வீடு'ன்னு அடிவயித்துலேர்ந்து கத்துங்க."

வேறு வழியில்லை. கத்தினார். கோபுரத்துப் புறாக்கள் பறந்தன, தெரு முழுக்கக் கேட்டது. தொந்தி உள்ளே போனது; ரெண்டு பேர் இழுத்து வெளியே போட்டார்கள்.

"இப்போ உங்க வாயாலேயே வீடுன்னு ஆயிடுச்சுங்க" என்றான் இருளாண்டி. தெருவே சிரித்தது.

முதலாளி வேட்டியை உதறினார். "பொழுது சாயறதுக்குள்ள இதை இடிச்சுத் தள்ளணும்!"

பொழுது சாய்வதற்குள் இருளாண்டி அடுத்த மாடிக்குச் சாரம் கட்டி முடித்திருந்தான்.