ஈயப் பெட்டியில் வந்த பிரபு

இங்கிலாந்தின் வட எல்லையில் ஹார்ன்மியர் என்றொரு கோட்டை இருந்தது. அதை ஆண்ட குலத்துக்கு ஒரு விநோத வழக்கம். பிரபு அயல்நாட்டில் மாண்டால் உடலை அங்கேயே புதைத்துவிடுவார்கள். இதயத்தை மட்டும் ஈயப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, கோட்டைத் தேவாலயத்தின் சுவருக்குள் வைத்துப் பூசுவார்கள். பெட்டி வரும்போது பிரபுவே உயிரோடு வருவதாகப் பாவித்துப் பெருங்கதவைத் திறந்துவிட வேண்டும். நமக்குக் கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. அவர்களுக்கோ அதில் அத்தனை பெருமை!

ஹியூ பிரபு கடல் கடந்து போருக்குப் புறப்பட்டபோது, காவல் தலைவன் ஆஸ்பர்ட்டிடம் சிலுவையின்மேல் சத்தியம் வாங்கினார்.

"என் தம்பி ரெஜினால்டுக்கு எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்காதே. ஆனால் நான் வந்தால், என்னை ஒரு கணமும் வெளியே நிறுத்தாதே."

காரணம் ஊரறிந்ததுதான். பிரபுவின் மனைவி அவீஸ் அப்போது கருவுற்றிருந்தாள். அந்தப் பிள்ளை பிறக்காமல் போனால் கோட்டை தம்பிக்கு. அதற்காக எதையும் செய்யத் துணிந்தவன் அவன்.

அவீஸுக்கு மாதம் நிறைந்திருந்த வேளையில், மூடுபனி கவிந்த ஒரு பகலில், ரெஜினால்டு தன் வீரர்களோடு அகழிக்கு அப்பால் வந்து நின்றான். அவன் கையில் ஒரு ஈயப் பெட்டி.

"ஆஸ்பர்ட்! அண்ணன் வந்திருக்கிறார். கதவைத் திற!"

ஆஸ்பர்ட் மதில்மேலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிரபு இறந்துவிட்டார் என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழக்கூட நேரமில்லை, அதற்குள் அந்த ஓசை கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல், மெதுவாக, விடாமல். குதிரைகள் மிரண்டு பின்வாங்கின. ரெஜினால்டின் முகமே வெளிறிப்போயிற்று. அது அவன் செய்த தந்திரம் அல்ல.

"பிரபுதான் தட்டுகிறார். சத்தியத்தை மீறி நரகத்துக்குப் போகாதே, திறந்துவிடு" என்று நடுங்கினார் அவன் அருகில் நின்ற கோட்டைத் தேவாலயத்துப் பாதிரியார்.

அவீஸ் மூச்சிரைக்க மதில்மேல் ஏறி வந்தாள். "திறந்தால் என் பிள்ளை பிழைக்காது, ஆஸ்பர்ட்."

ஓசை வேகமெடுத்தது. திறந்தால் பிரபுவுக்குக் கொடுத்த ஒரு வாக்கு போகும், திறக்காவிட்டால் இன்னொன்று. ஆஸ்பர்ட்டின் கை கதவுச் சங்கிலியைப் பற்றியது.

நீங்களே சொல்லுங்கள்: பாதிரியார் சொன்னது சரியா, அவீஸ் சொன்னது சரியா?

விடை: அவீஸ் சொன்னதே சரி. ஆஸ்பர்ட் சங்கிலியை விட்டுவிட்டுப் பெட்டியை நோக்கிச் சொன்னான்: "நீங்கள் என் பிரபுவானால், மனைவியையும் பிள்ளையையும் பலிகொடுத்து உள்ளே வர விரும்பமாட்டீர்கள், காத்திருப்பீர்கள். காத்திருக்க மாட்டீர்களானால் நீங்கள் என் பிரபு அல்ல. இரண்டில் எதுவானாலும் இந்தக் கதவு திறக்காது." மறுகணம் ஓசை நின்றது. ஆஸ்பர்ட் மதிலில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். வந்திருப்பது அவர்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.