செங்கழுத்து ஆமையின் கடைசி ஈடு

"அம்மா, இந்த வருஷமும் எல்லாம் கூமுட்டை" என்றார் கலிவரதன்.

எஸ்தரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுதுங்க. நல்லாத்தான் இடுதுங்க. பெட்டியில வெச்சா ஒண்ணுகூட உயிர் பிடிக்க மாட்டேங்குது. நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க."

எஸ்தரம்மா தொட்டியில் மிதந்த ஒரு இலையை எடுத்து வெளியே போட்டார்.

கலிவரதனுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் இடிபட்டு வந்திருக்கிறார்.

எஸ்தரம்மாவின் ஊர் ஆற்றைத் தவிர செங்கழுத்து ஆமைக்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது. அது முட்டையிடும் மணல்மேட்டை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்தது வலையில் போனது. இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, அதைத் தொட்டியில் வளர்த்து முட்டை பொரிக்க வைத்த முதல் ஆள் எஸ்தரம்மா. அதுவும் எதில்? பல்பு மாட்டிய ஒரு தெர்மகோல் பெட்டியில். ஊரே சிரித்தது. குஞ்சு வெளியே வந்ததும் அதே ஊர் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தது.

பிறகு சீடர்கள் வந்தார்கள். வந்து கற்றுக்கொண்டு, அவரவர் ஊரில் குளம் வெட்டினார்கள். கலிவரதன் அவர்களில் ஒருவர். ரயில்வேயில் சிக்னல் வேலையை விட்டுவிட்டு வந்தவர். எஸ்தரம்மாவைவிட வயதில் பெரியவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

விடைபெறும் சீடனுக்கு எஸ்தரம்மா ஒரு தெர்மாமீட்டர் கொடுப்பார். அதில் தன் கையாலேயே நகப்பாலிஷ் தொட்டு ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்.

"இதுக்கு மேலேயும் போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது."

உபதேசம் அவ்வளவுதான். அந்தக் கோட்டில் வைத்தால் முட்டை சீக்கிரம் பொரியும், ஒன்றுவிடாமல் பொரியும், குஞ்சு கொழுகொழுவென்று வரும். சீடர்கள் அந்தக் கோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"கரண்ட் போனா அரிக்கேன் விளக்கை வெச்சுக் காப்பாத்தியிருக்கேன்" என்றார் கலிவரதன். "என் பொண்ணு கல்யாணத்தன்னிக்குக்கூடப் பந்தல்லேர்ந்து ஓடிப் போய்ப் பெட்டியைப் பார்த்துட்டு வந்தேன். இத்தனை வருஷத்துல நீங்க குடுத்த முட்டை ஒண்ணுகூட என் கையில செத்ததில்ல."

"அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார் எஸ்தரம்மா.

பிறகு இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டு ஒரு பெரிய ஆமையைத் தூக்கினார். கனம் தாங்காமல் முழங்கால் மடங்கியது. தண்ணீர் ஒழுக ஒழுகக் கொண்டுவந்து கலிவரதன் மடியில் வைத்தார்.

சிவந்த கழுத்து தொங்கியது. கலிவரதன் அதைத் தொட்டார். அசைவில்லை.

"கிழவனா?"

"ஆமா. நேத்து சாயங்காலம்."

கிழவனை எல்லாச் சீடர்களும் அறிவார்கள். மோட்டார் படகில் அடிபட்டு, ஓட்டில் பிளவோடு வலையில் வந்தவன். எல்லாக் குளங்களிலும் இருக்கிற எல்லா ஆமைகளுக்கும் அவன்தான் அப்பன். இருந்தாலும் கற்க வந்தவர்கள் யாரும் அவனை மெனக்கெட்டுப் பார்த்ததில்லை. தண்ணீருக்கடியில் கிடப்பான். அவர்கள் கண்ணெல்லாம் முட்டைப் பெட்டியின் மேல்தான்.

"வாலைப் பாருங்க" என்றார் எஸ்தரம்மா.

கலிவரதன் ஆமையைப் புரட்டிப் பார்த்தார்.

வால் கட்டைவிரல் தடிமன் இருந்தது. நீளமாக, அடி பருத்து இருந்தது. தன் குளத்தில் இருநூறுக்கும் மேல் ஆமைகளுக்கு இரை போட்டிருக்கிறார். ஒன்றுக்கும் இப்படி ஒரு வாலை அவர் பார்த்ததில்லை. எல்லாமே ஒல்லியாக, குட்டையாக, ஒன்றுபோல இருக்கும். ஆமைக்கு வால் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வேறு வால் ஏது?

வாலை இன்னொரு தடவை விரலால் அளந்து பார்த்தார்.

"அம்மா, என்னுது எல்லாம்..."

"பொண்ணு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"மத்தவங்க குளத்துல?"

"ஒவ்வொரு குளமா இறங்கிப் புரட்டிப் பார்த்துட்டு வந்தேன். அங்கேயும் அதே கோடுதானே."

எஸ்தரம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முட்டைக்குள்ள ஆணா பொண்ணான்னு சூடுதான் முடிவு பண்ணுதாம். நான் போட்ட கோட்டுல பொண்ணு மட்டும்தான் வரும். அப்போ எனக்குத் தெரியாது. நல்லாப் பொரியுதேன்னு கோடு போட்டேன். குஞ்சைப் பார்த்தா வித்தியாசம் தெரியாது. வால் தெரிய பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுது. அதுக்குள்ள நீங்க எல்லாரும் ஊர் ஊராக் குளம் வெட்டிட்டீங்க."

"நாசமாப் போச்சே!" என்று கத்தினார் கலிவரதன். குருவின் முன்னால் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "நாங்க கண்ணை மூடிக்கிட்டு நம்பினோமேம்மா!"

"நம்பினீங்க."

"ஒரு இம்மி மாறல!"

"மாறல. மாசிலாமணி ஒருத்தன்தான் மாறினான்."

கலிவரதனின் பார்வை ஆற்றுப் பக்கம் போனது.

மாசிலாமணி கோட்டுக்குக் கீழே வைத்தவன். ஏண்டா என்று கேட்டால், சும்மா வெச்சுப் பார்த்தேன் என்றவன். பாதி முட்டை அழுகிப்போனது. மிச்சம் தாமதமாக, சோனியாகப் பொரிந்தது. எஸ்தரம்மா அவனை எல்லோர் எதிரிலும் வாயில் வந்தபடி திட்டி வெளியே அனுப்பினார். இந்த நோஞ்சான்களை நம் குளத்தில் சேர்க்க வேண்டாம், ஆற்றில் விட்டுவிடுங்கள் என்றார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தது கலிவரதன்.

அந்த ஆற்றில் எதுவும் பிழைக்காது. அது அன்றைக்கே இரண்டு பேருக்கும் தெரியும்.

"அதுங்க ஆணா இருந்திருக்குமா?" என்று கேட்டார் கலிவரதன்.

"வாலைப் பார்க்கிற வயசு வரைக்கும் விட்டோமா?"

ஈக்கள் வந்தன. எஸ்தரம்மா கிழவனை எடுத்து ஈரச் சாக்கால் மூடினார்.

பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கி வந்தார். பேசினில் மணல். மணலில் முட்டைகள் பாதி புதைந்திருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி. இட்டபோது மேலே இருந்த பக்கம் மேலேயேதான் இருக்க வேண்டும். உருண்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும்.

"இங்க இருக்கிற பொட்டை நாலு நாள் முன்னாடி இட்டது. கிழவன் சேர்ந்தது. உள்ள உயிர் இருக்கு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார். "இதுதான் கடைசி ஈடு. இதுல ஒரு ஆணாவது வரலேன்னா இந்த ஆமை நம்மளோட முடிஞ்சது."

கலிவரதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முழங்காலில் நகர்ந்து பேசின் பக்கத்தில் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிக்னல்காரர் அல்லவா, முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஆண் வர எத்தனை டிகிரி? அதைச் சொல்லுங்கம்மா. இம்மி பிசகாம செஞ்சு காட்டறேன்."

எஸ்தரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கிழவனுக்கு அழாதவர் அந்தக் கேள்விக்கு அழுதார்.

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. கோட்டுக்குக் கீழேன்னு தெரியும். எவ்வளவு கீழேன்னு தெரியாது. கொஞ்சம் அதிகமா இறங்கிட்டா முட்டையே செத்துடும். வெச்சுப் பார்த்த ஒருத்தனையும் விரட்டிட்டேன், இப்போ எங்க இருக்கான்னே தெரியல. வேற யார் இருக்கா, சொல்றதுக்கு?"

அவர் இன்னொரு பேசினில் மணல் நிரப்பினார். பாதி முட்டைகளை ஒவ்வொன்றாக, புள்ளி மேலே இருக்கும்படி இரண்டு விரலால் எடுத்து வைத்தார். கலிவரதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் எஸ்தரம்மா ஒரு பேசினை அவர் பக்கம் தள்ளினார்.

"பாதி உங்களுக்கு. பாதி எனக்கு."

"வேணாம்மா. எல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதான் முதல்ல பொரிச்சவங்க."

"எடுங்க."

கலிவரதன் எடுத்தார். முட்டை உருண்டுவிடுமோ என்று பயந்து பேசினை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீங்க உங்க பாதியை எவ்வளவுல வைக்கப் போறீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"சொன்னீங்கன்னா நானும் அதுலயே வெச்சுடுவேனேம்மா!"

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"இது என்னம்மா அநியாயம்? நான் எதைப் பார்த்து வைக்கிறது? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று கெஞ்சினார் கலிவரதன். இத்தனை வயதில் ஒரு மனுஷன் அப்படிக் கெஞ்சிப் பார்த்திருக்க மாட்டீர்கள். எஸ்தரம்மா அசையவில்லை.

கலிவரதன் அடிமேல் அடி வைத்து கேட் வரை நடந்தார். அங்கே நின்று திரும்பினார்.

"தப்பாப் போச்சுன்னா?"

"சாகும்."

"யாருது சாகும்? உங்களுதா, என்னுதா?"

"அது தெரிஞ்சா பாதியாப் பிரிச்சிருப்பேனா?" என்றார் எஸ்தரம்மா.